சேலம் பங்குகளின் பழைய ஏடுகளில் ஞானப்பெற்றோரைத் தேடுவது எப்படி

"தாத்தாவுக்கு ஞானத்தகப்பன் யாரு?" என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டால், "யாரோ சவரிமுத்துன்னு சொல்லுவாங்க" என்பதோடு பேச்சு நின்றுவிடும். ஞானஸ்நானத்தின்போது குழந்தைக்காகப் பொறுப்பேற்று நிற்பவர்கள்தான் ஞானப்பெற்றோர்: ஆண் என்றால் ஞானத்தகப்பன், பெண் என்றால் ஞானத்தாய். அந்தச் சவரிமுத்து எந்த ஊர், என்ன முறை, அவர் வம்சம் இன்று எங்கே இருக்கிறது என்பதையெல்லாம் தேடத் தொடங்க வேண்டிய இடம் பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேடு. பங்கு என்பது ஒரு குருவின் பொறுப்பில் உள்ள கோயிலும் அதன் கிளை ஊர்களும் சேர்ந்தது. சேலம், நாமக்கல், தருமபுரி, ஏற்காடு மலை இவற்றைச் சுற்றிய கத்தோலிக்கக் குடும்பங்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். சி.எஸ்.ஐ. என்ற தென்னிந்தியத் திருச்சபையின் புராட்டஸ்டண்ட் குடும்பங்களுக்கு வழி வேறு, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஞானப்பெற்றோர் பெயரை ஏட்டில் எழுத வேண்டும் என்ற சட்டம் 1563-இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கம் போட்டது. ஓர் ஆண், அல்லது ஒரு பெண், அல்லது இருவரிலும் ஒவ்வொருவர், அதற்கு மேல் கூடாது. யார் யார் நின்றார்கள் என்று பங்குக்குரு கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். காரணம் திருமணம். ஞானத்தந்தைக்கும் குழந்தைக்கும் இடையே ஞான உறவு உண்டாகிறது, அந்த உறவுக்குள் கல்யாணம் செய்ய விலக்கு, அதாவது திருச்சபையின் தனி அனுமதி, வாங்க வேண்டும் என்பது அன்றைய திருச்சபைச் சட்டம். 1918 வரை குழந்தையின் பெற்றோருக்கும் ஞானப்பெற்றோருக்கும் இடையேகூட அந்தத் தடை இருந்தது. 1918-இல் புதிய சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்ததும் அது சுருங்கியது. 1983 நவம்பரில் வந்த இன்றைய தொகுப்பில் தடையே இல்லை. ஆக, பழைய ஏட்டில் இந்தப் பெயர்கள் சட்டத் தேவைக்காகக் கவனமாக எழுதப்பட்டவை. தேடுகிறவருக்கு அந்தக் கவனம்தான் மூலதனம்.

முதல் வேலை, எந்தப் பங்கு என்று கண்டுபிடிப்பது. தேடுகிறவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். அப்பாவின் ஊர்க் கோயிலுக்குப் போய் ஏட்டைப் புரட்டுவார்கள், பெயர் இருக்காது, "ஏடு தொலைஞ்சு போச்சு" என்று முடிவுகட்டி விடுவார்கள். நம் பக்கம் தலைப்பிரசவம் தாய்வீட்டில். ஞானஸ்நானம் எந்தக் கோயிலில் நடந்ததோ அந்தப் பங்கின் ஏட்டில்தான் எழுதுவார்கள். எனவே மூத்த பிள்ளையின் வரியை, அதாவது ஏட்டில் அந்தப் பிள்ளைக்குரிய பதிவை, முதலில் அம்மாவின் பிறந்த ஊர்ப் பங்கில் தேடுங்கள். இரண்டாவது, மூன்றாவது பிள்ளைகளின் வரி அப்பாவின் ஊரில் இருக்க வாய்ப்பு அதிகம். சூரமங்கலம் ரயில்வே குடும்பங்கள், ஏற்காடு காபி எஸ்டேட் குடும்பங்கள் விஷயத்தில் வேலை மாற்றலையும் கணக்கில் எடுக்க வேண்டும். எஸ்டேட்டில் பிறந்த பிள்ளைக்கு மலையிலேயே ஞானஸ்நானம் கொடுத்திருந்தால், ஏட்டில் ஊர் என்ற இடத்தில் சொந்த ஊருக்குப் பதிலாக எஸ்டேட் பெயர் நிற்கலாம்.

பங்கைக் கண்டுபிடிக்க ஒரு குறுக்கு வழி உண்டு. கோயிலில் திருமணம் செய்கிறவர் தன் ஞானஸ்நானச் சான்றிதழைக் கொடுத்தாக வேண்டும். திருமண விசாரணைத் தாள்களோடு சேர்த்து அதைக் கல்யாணம் நடந்த பங்கிலேயே வைத்திருப்பார்கள். உங்கள் பெற்றோர் கல்யாணம் எங்கே நடந்தது என்று தெரிந்தால் அங்கே போய் அந்தத் தாள்களைக் கேளுங்கள். இருவரின் ஞானஸ்நானப் பங்கும் தேதியும் பதிவு எண்ணும் அதிலேயே இருக்கும். இது எதிர்த்திசையிலும் வேலை செய்யும். 1908 ஈஸ்டர் முதல், ஒருவரின் திருமணத்தை அவருடைய ஞானஸ்நான வரியின் ஓரத்தில் குறித்து வைக்க வேண்டும் என்பது விதி. அதனால் ஓரக் குறிப்பில் கணவன் அல்லது மனைவி பெயர், கல்யாணம் நடந்த ஊர், நாள் மூன்றும் கிடைக்கும்.

அடுத்தது எல்லை மாற்றம். ஓர் ஆயரின் கீழ் உள்ள பங்குகளின் தொகுதிதான் மறைமாவட்டம். சேலம் மறைமாவட்டம் 1930 மே 26-இல் உருவானது. அதற்கு முன் இந்தப் பகுதியில் புதுவை உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த பங்குகளும் இருந்தன, கும்பகோணத்தைச் சேர்ந்தவையும் இருந்தன. கும்பகோணமே 1899-இல் புதுவையிலிருந்து பிரிந்ததுதான். தருமபுரி 1997-இல் சேலத்திலிருந்து பிரிந்தது. அரசாங்கக் கணக்கும் கூடவே மாறியிருக்கிறது: தருமபுரி 1965 வரையிலும் நாமக்கல் 1996 வரையிலும் சேலம் மாவட்டத்துக்குள் இருந்தவை. எனவே பழைய கடிதத்தில் "சேலம் ஜில்லா" என்று இருந்தால் சேலம் நகரத்தில் மட்டும் தேடிப் பயனில்லை. இன்று தனிப்பங்காக இருக்கும் கோயில் அன்று கிளைக் கிராமமாக இருந்திருக்கும். "இந்தப் பங்கு எந்த ஆண்டு பிரிந்தது, தாய்ப்பங்கு எது?" என்ற கேள்வியைப் பங்கு அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுவிடுங்கள். பிரிவதற்கு முந்தைய வரிகள் தாய்ப்பங்கின் ஏட்டிலேயே தங்கிவிடும்.

மேட்டூர்ப் பக்கத்துக் குடும்பங்களுக்கு இன்னொரு சிக்கல். 1934-இல் அணை முடிந்து தண்ணீர் தேக்கியபோது காவிரிக் கரையோர ஊர்கள் முழுகின. அணையில் தண்ணீர் வற்றும்போது பண்ணவாடிப் பக்கம் தலைகாட்டும் கிறிஸ்தவக் கோயிலின் இரட்டைக் கோபுரம் அந்த ஊர்களின் மிச்சம். அப்படிப்பட்ட ஊர்க்காரர்களின் வரியைத் தேட, மக்கள் எங்கே குடிபெயர்ந்தார்கள் என்பதையும் அந்த ஊர் எந்தப் பங்கின் கீழ் இருந்தது என்பதையும் தனித்தனியே விசாரிக்க வேண்டும். ஏடு குடிபெயர்ந்த மக்களோடு போகாமல் தாய்ப்பங்கிலேயே இருந்திருக்கலாம்.

பங்கு தெரிந்த பிறகு, கிளம்புவதற்கு முன் ஒரு போன் செய்துவிடுங்கள். பங்குத்தந்தை கிளைக் கிராமத்துக்குப் பூசைக்குப் போயிருந்தால் அலமாரிச் சாவியும் அவரோடு போயிருக்கும். தவக்காலம், கிறிஸ்துமஸ், பங்குத் திருவிழாக் கொடியேற்றம் முதல் தேர் வரை, இந்த நாட்களில் கேட்காதீர்கள். பங்கு ஏடு பொதுநூலகப் புத்தகம் அல்ல, அதைக் காட்டுவது பங்குத்தந்தையின் பொறுப்பு. கல்யாணமாகாத தாயின் பிள்ளை, தத்துப்பிள்ளை பற்றிய குறிப்பெல்லாம் அதில் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் வரியை வேடிக்கை பார்க்கப் போவதில்லை என்ற நம்பிக்கை அவருக்கு வர வேண்டும். ஆதார் நகல், தேடும் நபருக்கும் உங்களுக்கும் உள்ள உறவு, ஏன் தேடுகிறீர்கள் என்று அரைப் பக்கக் கடிதம், இவற்றோடு போங்கள். கடிதத்தில் நபரின் பெயர், வீட்டில் கூப்பிட்ட பெயர், பெற்றோர் பெயர், உத்தேசப் பிறந்த ஆண்டு, ஊர் ஐந்தும் இருக்கட்டும். "1930 முதல் 1950 வரை பாருங்க ஃபாதர்" என்றால் யாருக்கும் பொறுமை வராது. இரண்டு மூன்று ஆண்டுக்குள் சுருக்கிக்கொண்டு போனால் எடுத்துக் கொடுப்பார்கள்.

சான்றிதழ் மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பி வராதீர்கள், இதை அழுத்திச் சொல்கிறேன். சான்றிதழ் என்பது ஏட்டைப் பார்த்து இன்று ஒருவர் அச்சுப் படிவத்தில் நிரப்பியது. சில படிவங்களில் ஞானப்பெற்றோருக்கு இடமே இருக்காது. இருந்தாலும், "சவரிமுத்து, அந்தோணியின் மகன், இன்ன ஊர்" என்று ஏட்டில் உள்ளது சான்றிதழில் வெறும் "சவரிமுத்து" ஆகிவிடும். உங்களுக்கு வேண்டிய துப்பு அந்த விட்டுப்போன பாதியில்தான் இருக்கிறது. ஏட்டின் வரியைக் கண்ணால் பார்க்கவும் படம் எடுக்கவும் அனுமதி கேளுங்கள். கிடைத்தால் முதலில் ஏட்டின் முதுகு அல்லது அட்டை, பிறகு விரித்த முழுப் பக்கம், பிறகு அந்த வரி, பிறகு ஓரக் குறிப்பு என்று நான்கு படம் எடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். மை மங்கியிருந்தால் ஏட்டை ஜன்னல் பக்கம் கொண்டுபோய், வெளிச்சம் பக்கவாட்டில் சாய்ந்து விழும்படி வைத்துப் பாருங்கள், பேனா கீறிய தடம் தெரியும்.

பழைய இரும்புச்சத்து மை காலப்போக்கில் தாளையே அரித்துவிடும். எழுத்து இருந்த இடத்தில் ஓட்டை மட்டும் மிஞ்சும். ஏற்காடு கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரம். மழையும் பனியும் மாறி மாறி வரும் மலையில் தாள் ஈரம் குடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய பக்கத்தை நகத்தால் பிரிக்காதீர்கள். எச்சில் தொட்டுப் புரட்டாதீர்கள். கைகளைக் கழுவி நன்றாகத் துடைத்துவிட்டுத் தொட்டால் போதும். குறிப்பெடுக்கப் பென்சில் மட்டும். கிழிந்த பக்கத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டு செல்லோடேப் ஒட்டுகிறேன் என்று முன்வரவும் வேண்டாம், அந்தப் பசை சில வருடத்தில் மஞ்சளாகி எழுத்தையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும்.

இனி வாசிப்பது. ஏட்டில் வரிகள் ஞானஸ்நானத் தேதி வரிசையில் இருக்கும், பிறந்த தேதி வரிசையில் அல்ல. எண் ஒவ்வொரு ஆண்டும் 1-இலிருந்து தொடங்குவதால் "37" என்று மட்டும் குறித்துவந்தால் பயனில்லை, 37/1948 என்று ஆண்டோடு எழுதுங்கள். பின்பக்கத்தில் பெயர் அகராதி இருந்தால் அது ஞானஸ்நானப் பெயரின் அகரவரிசையில் இருக்கும். அப்பா பெயரையோ இனிஷியலையோ வைத்துத் தேடினால் அகப்படாது. மரியாக்களும் அந்தோணிகளும் பக்கம் பக்கமாக வருவார்கள், ஒவ்வொன்றிலும் பெற்றோர் பெயரைப் பார்த்துத்தான் கழிக்க வேண்டும். பள்ளிச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதியை அப்படியே நம்பாதீர்கள். பள்ளியில் சேர்க்க வசதியாகத் தேதியை மாற்றிச் சொல்வது சகஜமாக இருந்தது. முன்னும் பின்னும் இரண்டு ஆண்டு பார்ப்பது பாதுகாப்பு.

எம்.இ.பி. என்ற பாரிஸ் வேதபோதகச் சபைக் குருக்கள் வேலை செய்த பகுதி இது. அதனால் பழைய வரிகள் லத்தீனில் இருக்கும், தமிழ்ப் பெயர்கள் பிரெஞ்சு எழுத்துக்கூட்டில் இருக்கும். லத்தீன் தெரியவேண்டும் என்பதில்லை, ஏனென்றால் வாக்கியம் ஏறக்குறைய ஒரே அச்சில் திரும்பத் திரும்ப வரும்: இன்ன நாள், கீழே கையெழுத்திட்ட நான், இன்னாருக்கும் இன்னாருக்கும் இன்ன நாளில் பிறந்த குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தேன், இன்ன பெயரிட்டேன், ஞானப்பெற்றோர் இன்னார். "பத்ரீனுஸ்" என்றால் ஞானத்தந்தை, "மத்ரீனா" ஞானத்தாய், "பத்ரீனி ஃபுவேருந்த்" என்று வந்தால் அடுத்து வருவது இருவர் பெயரும். "ஃபீலியுஸ்" மகன், "ஃபீலியா" மகள், "உக்சோர்" மனைவி, "விதுவா" கைம்பெண். பெயருக்குப் பிறகு "தே" என்று வந்தால் அடுத்தது ஊர். இந்த ஏழெட்டுச் சொல்லோடு பெரும்பாலான வரிகளை வாசித்துவிடலாம்.

மாதத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. 7 என்ற எண்ணோடு "ப்ரிஸ்" என்று ஒட்டி எழுதியிருந்தால் அது ஜூலை இல்லை, செப்டம்பர். 8 ப்ரிஸ் அக்டோபர், 9 ப்ரிஸ் நவம்பர், ரோமன் பத்து போட்டிருந்தால் டிசம்பர். லத்தீனில் செப்தெம் என்றால் ஏழு, அதன் சுருக்கெழுத்து இது. இதைத் தவறவிட்டால் தேதி இரண்டு மாதம் முன்னால் போய்விடும். குழந்தை பிறக்கும் முன்பே ஞானஸ்நானம் நடந்ததுபோல் கணக்கு வரும்.

பெயர்கள் இன்னும் மோசமாக ஏமாற்றும். பிரெஞ்சுக்காரர் "உ" ஓசையை ஓ, யூ என்ற இரண்டு ஆங்கில எழுத்தால் எழுதுவார். ஆங்கிலம் பழகிய கண் "முத்து"வை "மௌட்டௌ" என்று வாசித்துவிட்டுத் தாண்டிப் போய்விடும். அதோடு, ஒரே ஆள் ஓரிடத்தில் தமிழ்ப் பெயரிலும் இன்னோரிடத்தில் லத்தீன் பெயரிலும் இருப்பார். பேத்ருஸ் என்றால் இராயப்பன். பௌலுஸ் சின்னப்பன். யோவான்னெஸ் அருளப்பன், யாக்கோபுஸ் யாகப்பன் அல்லது சந்தியாகு, ஸ்தேஃபானுஸ் முடியப்பன், அலோய்சியுஸ் ஞானப்பிரகாசம், அந்த்ரேயாஸ் பெலவேந்திரன், பெனெதிக்துஸ் ஆசீர்வாதம். ஞானத்தந்தை "சின்னப்பன்" என்று கிடைத்தால், அவருடைய சொந்த ஞானஸ்நான வரியைத் தேடும்போது "பௌலுஸ்" என்பதையும் தேடியாக வேண்டும்.

பெயர் கிடைத்துவிட்டது என்று ஏட்டை மூடிவிடாதீர்கள், அவர் யார் என்பது இனிமேல்தான். முதலில் மேலும் கீழுமாக இருபது வரி வாசியுங்கள். அதே ஞானத்தந்தை பெயர் பல குழந்தைகளுக்குத் தொடர்ந்து வந்தால் அவர் உறவினர் அல்ல, பெரும்பாலும் அந்த ஊர் உபதேசியார் (வேதம் கற்றுக்கொடுப்பவர்) அல்லது கோயில் பணியாளர். சேர்ந்தாற்போல் பலர் ஞானஸ்நானம் பெற்ற நாட்களில், ஈஸ்டருக்கு முந்தைய பெரிய சனிக்கிழமை போன்ற நாட்களில், இது சாதாரணம். அப்படி என்றால் குடும்ப மரத்தில் அவரைச் சொந்தமாக எழுதிவிடாதீர்கள். ஆனாலும் அவர் பெயரை விட்டுவிடவும் வேண்டாம், குடும்பம் கிறிஸ்தவ வேதத்துக்கு வந்த காலமும் வழியும் அவரை வைத்தே தெரியவரும்.

ஒரே ஒரு முறை வரும் பெயர் என்றால், அந்தத் தாய் தகப்பனின் மற்றப் பிள்ளைகளின் வரிகளை எல்லாம் எடுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் நின்ற ஞானப்பெற்றோரை ஒரு தாளில் வரிசையாக எழுதினால் அப்பா வழி, அம்மா வழி என்று ஓர் ஒழுங்கு கண்ணில் படும். பிறகு அதே பங்கின் திருமண ஏட்டில் பெற்றோரின் கல்யாண வரியைப் பாருங்கள். சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களே சில ஆண்டுகளில் பிள்ளைக்கு ஞானப்பெற்றோராக நின்றிருப்பதைப் பல ஏடுகளில் பார்க்கலாம். அதற்கடுத்து ஞானத்தந்தையின் சொந்த ஞானஸ்நான வரி. 1918 முதல் 1983 வரையிலான சட்டப்படி ஞானப்பெற்றோராக நிற்பவர் தன் 14-ஆம் வயதில் அடியெடுத்து வைத்திருக்க வேண்டும் (அதாவது 13 நிறைந்திருக்க வேண்டும்), அதன் பிறகு 16 வயது நிறைந்திருக்க வேண்டும். ஆகவே 1948-இல் நின்றவரை 1935-க்குப் பிந்தைய பக்கங்களில் தேடிப் பயனில்லை. அவர் வரி கிடைத்தால் அவருடைய பெற்றோர் பெயர் கிடைக்கும். அந்தப் பெற்றோர் பிள்ளையின் அம்மாவைப் பெற்றவர்களாகவே இருந்தால் நின்றவர் பிள்ளைக்குத் தாய்மாமன், சந்தேகமே இல்லை.

ஆனால் "ஞானத்தகப்பன்னா தாய்மாமன்தான்" என்று முன்கூட்டியே முடிவு கட்ட வேண்டாம். அக்காள் மகளைக் கட்டுவது வழக்கமாயிருந்த வீடுகளில், மாமனையே ஞானத்தந்தையாக நிறுத்தினால் இரத்த உறவுக்கு ஒரு விலக்கு, ஞான உறவுக்கு இன்னொரு விலக்கு என்று இரண்டு வாங்க வேண்டியிருக்கும். அதனால் கட்டிக்கொள்ளும் முறை உள்ளவரைத் தவிர்க்க நல்ல காரணம் இருந்தது. யோசித்துத்தான் ஆளை நிறுத்தியிருக்கிறார்கள். எனக்கு இந்த ஏடுகளில் மிகவும் பிடித்தது இதுதான்: ஒரு குடும்பம் யாரை நம்பியது என்பது சட்டப்படியே பதிவாகியிருக்கிறது.

வீட்டில் சொல்லும் பெயரும் ஏட்டுப் பெயரும் ஒத்துவராமல் போனால் மூன்று காரணத்தைச் சோதியுங்கள். ஒன்று, வீட்டார் சொல்வது உறுதிபூசுதலுக்கு (ஞானஸ்நானத்துக்குப் பிறகு தனியாகப் பெறும் திருவருட்சாதனம்) நின்றவரை. 1918-இன் சட்டம் அதற்கு வேறொருவர் நிற்க வேண்டும் என்றது, அந்தப் பெயர் உறுதிபூசுதல் ஏட்டில் இருக்கும். இரண்டு, பதிலாள். ஞானத்தந்தை வெளியூரில் இருந்தால் அவருக்காக இன்னொருவர் பிள்ளையைப் பிடிக்கலாம். இரண்டு பெயரும் எழுதப்பட்டிருந்தால் "ப்ரோக்குராத்தோர்" என்ற சொல்லைத் தேடுங்கள், அதை ஒட்டியிருப்பவர் பதிலாள். மூன்று, உயிருக்கு ஆபத்தில் வீட்டிலேயே கொடுத்த அவசர ஞானஸ்நானம். அதில் ஞானப்பெற்றோர் இல்லாமலே போகலாம். பிள்ளை பிழைத்த பிறகு கோயிலில் மீதிச் சடங்கைச் செய்திருப்பார்கள், அப்போது இரண்டு தேதி இருக்கும்.

ஏடே இல்லை என்றால்? 1918-இன் சட்டம் ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் பங்கு ஏடுகளின் நகலை ஆயர் இல்லத்துக்கு அனுப்பச் சொன்னது. எல்லா ஆண்டுக்கும் நகல் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள், ஆனால் கேட்காமல் விடாதீர்கள். 1930-க்கு முந்தைய நகல் போயிருக்க வேண்டிய இடம் புதுவை, கும்பகோணம் என்று அன்றைய மறைமாவட்டத்தைப் பொறுத்து மாறும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பங்குகளின் 1997-க்கு முந்தைய நகல்களுக்கு சேலம் ஆயர் இல்லத்தையும் கேளுங்கள். ஆயர் இல்லத்துக்குப் பங்குத்தந்தையின் சிபாரிசுக் கடிதத்தோடு போவது வேலையைச் சுலபமாக்கும்.

சி.எஸ்.ஐ. குடும்பங்களுக்கு எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளச் சொல்வேன். சேலத்தில் 1827 முதல் வேலை செய்தது லண்டன் மிஷன். அந்த மரபில் பெற்றோரே வாக்குக் கொடுப்பார்கள், ஞானப்பெற்றோர் முறை கிடையாது. ஏற்காடு ஹோலி டிரினிட்டி போன்ற பழைய ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) கோயில்களில் முறை உண்டு. ஆண்பிள்ளைக்கு இரண்டு ஞானத்தந்தையர், ஒரு ஞானத்தாய், பெண்பிள்ளைக்கு அது தலைகீழ் என்று ஜெப புத்தகமே சொல்கிறது. ஆனால் அவர்கள் பயன்படுத்திய அச்சு ஏட்டில் பெயர், பிறந்த நாள், பெற்றோர், இருப்பிடம், தொழில், குருவின் பெயர் இவற்றுக்குத்தான் கட்டம். ஞானப்பெற்றோருக்குக் கட்டமே இல்லை. சென்னை மாகாணக் கோயில்களிலிருந்து அனுப்பிய நகல்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் என்/2 என்ற வரிசையில் இருக்கின்றன, ஃபைண்ட்மைபாஸ்ட் என்ற வம்சாவளி இணையதளத்தில் படமாகப் பார்க்கலாம். ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களுக்குப் பெற்றோர் விவரம் அங்கே நன்றாகக் கிடைக்கும். ஞானப்பெற்றோர் பெயருக்கு வீட்டுப் பைபிளின் முதல் பக்கம், ஞானஸ்நான நினைவு அட்டை, பழைய கடிதக்கட்டு, இவைதான் வழி. 1947-இல் சி.எஸ்.ஐ. உருவான பிறகான ஏடுகள் சபைக்குச் சபை வேறுபடும், அந்தச் சபையின் போதகரையே கேட்டுப் பாருங்கள்.

எந்த ஏட்டில் எது கிடைத்தாலும் ஏட்டின் பெயர், பக்கம், எண்/ஆண்டு, பார்த்த தேதி நான்கையும் அன்றே எழுதிவிடுங்கள். எழுத்துப் புரியாத இடத்தில் ஊகித்து நிரப்பாமல், தெரிந்த எழுத்தை அப்படியே வரைந்து வையுங்கள். ஏட்டில் பிழை இருப்பதாகத் தோன்றினாலும் மூல வரியைத் திருத்தச் சொல்லிப் பங்குத்தந்தையை வற்புறுத்தாதீர்கள். திருத்தம் ஓரக் குறிப்பாக மட்டும், அதற்குரிய அனுமதியோடுதான் ஏறும். உங்கள் சந்தேகத்தை உங்கள் தாளில் எழுதி வையுங்கள், பக்கத்து ஊர் ஏட்டைப் பார்க்கும்போது அது பயன்படும்.